தீயவன் தண்டிக்கப்படுவதைக் காட்டும் கடமை இலக்கியத்துக்கு உண்டா?

அப்படியொரு கடமை இருப்பதாக நான் கருதவில்லை. தண்டிப்பது அரசின் வேலை. ஒரு கொடுமை நடந்தேறுவதற்கு யார் யார் எப்படி இடம் கொடுத்தார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்வதைத்தான் இலக்கியத்தின் அறப்பொறுப்பாக நான் எண்ணுகிறேன்.

சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை மட்டும் பாடமாகப் படித்தவர்களைப் போல, பாண்டியன் தன் பிழை உணர்ந்து உயிர்விடும் இடத்திலேயே நீதி நிறைவேறிவிட்டதாக நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். அதற்கு முன்னுள்ள கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்தபோதுதான் அந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. ஊடிச் சென்ற தேவியைத் தணிக்க விரையும் மன்னன், தேவியின் சிலம்பைத் தானே திருடிவிட்டு வழியில் வந்து வணங்கிய பொற்கொல்லன், அதைத் திருடிய கள்வன் தன் குடிலில் இருப்பதாகச் சொன்னதை நம்பி, விசாரணை ஏதுமின்றி, சிலம்பு அக்கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு காவலருக்கு ஆணையிடுகிறான். கோவலனை நேரில் கண்ட காவலரோ, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று வாய்விட்டே சொல்லிவிடுகின்றனர். பொற்கொல்லன் அதைக் கேட்டுச் சிரித்து, மந்திரம், மருந்து, நிமித்தம் எனக் கள்வர் கையாளும் எட்டு உபாயங்களையும் பாடம் நடத்துவதுபோல விரித்துரைக்கிறான். (இவ்வளவு தெளிவாகக் களவு நூல் பேசுபவன்மீது ஒருவருக்கும் ஐயம் எழவில்லை!) மன்னன் ஒறுப்பானே என்ற அச்சத்தோடு, தக்கது என்ன என்று அவர்கள் தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ‘கல்லாக் களிமகன் ஒருவன்’, கல்வியறிவற்ற குடிகாரன், வாளை வீசிவிடுகிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை.

வஞ்சகன் ஒருவன்தான். ஆனால் ஒருவனுடைய அவசரமும், சிலருடைய அச்சமும், ஒரு குடிகாரனின் கையும் சேராமல் அந்த வஞ்சகம் பலித்திருக்காது. உண்மையை அறிந்தும் நிற்கும் அந்தக் காவலரிடத்தில் படிப்பவன் தன்னைக் காண நேர்கிறது; அதை எந்தத் தீர்ப்பாலும் செய்துவிட முடியாது.

அதே காப்பியம் இன்னோர் இடத்தில் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கொற்கையிலிருந்து ஆண்ட, அந்தப் பாண்டியனுக்குப் பின் அரியணையேறிய வெற்றிவேற்செழியன், ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாக நீர்ப்படைக் காதை கூறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனுடைய தொழிலைச் செய்த ஆயிரம் பேர்! கோவலனுக்கு நேர்ந்ததை அத்தனை நுணுக்கமாகக் காட்டிய கவி, இவர்களைச் சில அடிகளில் ஓர் எண்ணாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். அவர்களுள் எவரையேனும் பார்த்து, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று சொல்ல அங்கே ஒரு காவலன்கூட இல்லை.