பச்சை அட்டைக்குள் ஒரு நாவல்

கேள்வி: ‘தி ஜிஞ்சர் மேன்’ நாவலை ஏன் தடை செய்தார்கள்? அவ்வளவு ஆபாசமா? (கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: ஆபாசம் இருக்கிறது, தம்பி. ஆனால் அதற்காக மட்டும் படித்தால் ஏமாந்துபோவீர்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் படிக்க வந்த அமெரிக்கன் செபாஸ்டியன் டேஞ்சர்ஃபீல்ட். படிப்பதே இல்லை, கடன், குடி, பெண்கள். வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும். ஒரே பத்தியில் ‘அவன்’ சட்டென்று ‘நான்’ ஆகிவிடுவான். அத்தியாய முடிவில் இரண்டு மூன்று வரிக் கவிதை வேறு. சிரித்துக்கொண்டே வருகிறபோது, அந்த மனைவியின் குளிரும் பசியும் நம்மைச் சுடும். எனக்கு இந்த நாவல் பிடித்ததே அதனால்தான்.

எழுதியவர் ஜே. பி. டான்லீவி. 1955இல் பாரிஸில் ஒலிம்பியா பிரஸ் வெளியிட்டது. அதுவும் எப்படி? பச்சை அட்டை போட்டு, தன் காமக்கதை வரிசையில் சேர்த்து! மனிதர் கொதித்துப்போனார். உயிரைக் கொடுத்து எழுதியவனுக்கு அந்த அட்டை எப்படி வலித்திருக்கும்! வழக்கு இருபது வருடத்துக்கு மேல் இழுத்தது. கடைசியில் திவாலான அந்தப் பதிப்பகத்தையே ஏலத்தில் டான்லீவி தரப்பு வாங்கிவிட்டது.

அயர்லாந்தில் புத்தகத்துக்குத் தடை. 1959இல் டப்ளின் கெயிட்டி தியேட்டரில் நாடகமாகப் போட்டார்கள், நாயகனாக ரிச்சர்ட் ஹாரிஸ். தேவாலயத் தரப்பின் நெருக்கடியில் மூன்றே காட்சிகளோடு நிறுத்தினார்கள். நாவல் நிற்கவில்லை. இன்றும் அச்சில் கிடைக்கிறது, வாங்கிப் படியுங்கள்.