"நீ லாயக்கில்லை" என்று மனம் சொல்லும்போது

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 34. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கம்பஸ் போன முதல் ஆள் நான். இந்த முறை சாதாரண தரப் பரீட்சையில் என் பிள்ளைகள் பலர் கணிதத்தில் சித்தியடையவில்லை. அதிலிருந்து ராத்திரியானால் "நீ எதுக்கும் லாயக்கில்லை, அம்மா பட்ட பாடு வீண்" என்றே மனம் சொல்கிறது. பகலிலும் ஒரே அலுப்பு. நினைக்காமல் இருக்கப் பார்த்தால் கூடுகிறது. இது நோயா டொக்டர்?

பதில்: நினைக்காமல் இருக்கப் பார்த்தால் கூடத்தான் செய்யும், டீச்சர். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைவு வந்தால் மணியடியுங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓர் எண்ணத்தை விரட்ட, அது வந்துவிட்டதா என்று மனம் காவல் இருக்க வேண்டும். அந்தக் காவலே அதைக் கூட்டிவந்துவிடும்.

அதனால் விரட்ட வேண்டாம். "லாயக்கில்லை என்ற எண்ணம் இப்போது வந்திருக்கிறது" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள். கோப்பை கழுவினால் தண்ணீரின் குளிர், படுத்திருந்தால் கம்பளியின் பாரம், மூச்சு. அரை நிமிடத்தில் மனம் மறுபடி ஓடும், மறுபடி திருப்புங்கள். திருப்புவதுதான் பயிற்சி, ஓடாமல் இருப்பதல்ல. மாலையில் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கி, கவலைகளைக் கொப்பியில் எழுதுங்கள். எந்தப் பிள்ளைக்குப் பின்னம் விளங்கவில்லை என்பதற்கு நாளைக்கே ஏதாவது செய்யலாம். அம்மாவின் பாடு வீணா என்பதற்கு ராத்திரி பதினொரு மணிக்கு யாராலும் விடை காண முடியாது.

இன்னொன்று. தோட்டத்திலிருந்து படித்து வந்த பலரிடம், தன்னைத் தானே ஏசிக்கொண்டால்தான் முன்னேறலாம் என்ற நம்பிக்கையைப் பார்க்கிறேன். பிழைவிட்ட பிள்ளையை நீங்கள் அப்படி ஏசியா கணக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

நோயா என்று கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். அலுப்புக்கு இரத்தச்சோகையோ தைரொயிட் குறைபாடோ காரணமாக இருக்கலாம். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். (சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நம் ஊர்ப் பழக்கம். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள்.)

இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்தே இருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், நித்திரையும் பசியும் குழம்பினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டலாம். அரச வைத்தியசாலை, காசு இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் நன்றாக உதவும். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள், அல்லது அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.