ஸ்கேன் எடுக்காமல் அனுப்பிவிட்டார்களே!

கேள்வி: நேற்று மாலை கோலாலம்பூர் செந்தூலில் ஃபுட்சால் (சிறு மைதானக் கால்பந்து) ஆடும்போது என் தம்பி (வயது 24) இன்னொருவர் தலையில் மோதி விழுந்தான். சில நொடி நினைவில்லை, ஒரு முறை வாந்தி. அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நாலு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, சி.டி. ஸ்கேன் எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். தனியாரில் எடுக்கட்டுமா? அம்மா தூங்கவே விடாதே என்கிறார்.

பதில்: தனியாரில் ஸ்கேன் வேண்டாம். சும்மா உட்கார வைத்ததாக நினைக்கிறீர்கள். அந்த நாலு மணி நேரம்தான் பரிசோதனையே. தாதி அடிக்கடி வந்து "பேர் என்ன, இது எந்த இடம், என்ன மாதம்" என்று கேட்டிருப்பார், கண்ணில் டார்ச் அடித்திருப்பார். அந்தக் கேள்விகள், நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்க 1974இல் கிளாஸ்கோவில் உருவான அளவுகோலுக்காக. அதில் அதிகபட்சம் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மாதத்தை மாற்றிச் சொன்னால் 14 ஆகிவிடும். அடிபட்டு 2 மணி நேரமாகியும் 15 வராவிட்டால் ஸ்கேன்தான். இரண்டு முறை வாந்தி எடுத்தாலே ஸ்கேன். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், காதுக்குப் பின்னால் கன்றியவர், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிபவர், இவர்களுக்கும் அப்படியே. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கே செல்லாது, பெரும்பாலும் ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். டாக்டர் தம்பியின் காதை மடக்கிப் பார்த்தாரா? காதுக்குப் பின்னால் அந்தக் கன்றல் இருக்கிறதா என்றுதான் தேடினார்.

இன்னொன்று. ஸ்கேனில் தெரிவது இரத்தக்கசிவும் எலும்பு முறிவும். தம்பிக்கு வந்திருக்கும் மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. காசு கொடுத்து எடுத்தாலும் பெரும்பாலும் 'எல்லாம் சரி' என்றுதான் வரும், தலைவலி அப்படியே இருக்கும்.

தாராளமாகத் தூங்கட்டும். 24 மணி நேரம் யாராவது கூட இருந்தால் போதும். தலைவலி ஏறிக்கொண்டே போனால், மறுபடி வாந்தி எடுத்தால், பேச்சு குழறினால், கை கால் தளர்ந்தால், வலிப்பு வந்தால், எழுப்பியும் எழாவிட்டால் 999ஐ அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

வலிக்குப் பனடோல் (பாராசிட்டமால்) போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு நாள் ஓய்வு, கைப்பேசியிலும் ரொம்ப நேரம் வேண்டாம். எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) ஒரு நாளுக்குத்தான் கொடுத்தார்கள் என்றால் கிளினிக்கில் கேளுங்கள். ஃபுட்சால்? தலைவலி, தலைசுற்றல் எல்லாம் போய், டாக்டரும் சரி என்ற பிறகுதான். ஆறுவதற்குள் இன்னொரு இடி வாங்கினால் நிலைமை மோசமாகலாம்.

அப்புறம், தலைக்காயத்துக்கான அறிவுரைத் தாள் ஒன்று கொடுத்திருந்தால் தேடி எடுங்கள். மலாயில் இருந்தால் அம்மாவுக்கு ஒரு முறை வாசித்துச் சொல்லுங்கள்.