மீன் தொட்டியில் ஸ்பாஞ்ச் ஃபில்டர்: கேட்டதும் சொன்னதும்

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், காற்றுக் குமிழால் ஓடும் பஞ்சு வடிகட்டியான ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சுற்றியே இருந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறேன்.

கே (தாம்பரம்): 2 அடி தொட்டி, 15 கப்பி, 4 பிளாட்டி. கடையில், மின் மோட்டாரால் தண்ணீரை இழுக்கும் பவர் ஃபில்டர்தான் நல்லது, ஸ்பாஞ்ச் எல்லாம் மீன் பண்ணைக்காரர்கள் வைப்பது என்கிறார்கள். எதை வாங்குவது அண்ணா?

ப: ஸ்பாஞ்ச் வாங்குங்கள். பண்ணைக்காரர்கள் அதை வைப்பதே அதற்கு நல்ல சான்றிதழ். சென்னை கொளத்தூர் பக்கம் கப்பியும் ஃபைட்டர் மீனும் வளர்ப்பவர்களின் தொட்டி வரிசைகளைப் பாருங்கள். ஒரு பெரிய காற்று மோட்டாரில் நாற்பது ஐம்பது தொட்டிக்குப் பஞ்சு ஓடும். நூற்றுக்கணக்கில் குஞ்சு எடுப்பவர்கள் ஓடாத பொருளை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. நடுக்குழாயில் காற்றுக் குமிழ்கள் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் லேசாகி மேலே போகும். அந்த இடத்தை நிரப்பப் பஞ்சு வழியாக வெளித் தண்ணீர் உள்ளே வரும். தண்ணீருக்குள் மின்சாரம் கிடையாது, சுழலும் விசிறி கிடையாது, குஞ்சை இழுத்து அரைக்கும் வாய் கிடையாது. கெட்டுப் போகக்கூடிய பாகம் வெளியே இருக்கும் காற்று மோட்டார் மட்டும்தான்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பஞ்சு அழுக்குப் பிடிக்கும் வலை மட்டுமல்ல, பாக்டீரியாக்களின் வீடு. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றும், அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட்டை வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றிக் கட்டுக்குள் வைக்கலாம். இந்தப் பாக்டீரியாக்கள் எதிலாவது ஒட்டித்தான் வாழும். பஞ்சில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள், அவற்றின் வழியே நிற்காமல் ஆக்சிஜன் கலந்த தண்ணீர். அவற்றுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

கே (சேலம்): என்ன அளவு பஞ்சு, எவ்வளவு பவர் உள்ள மோட்டார்?

ப: முதலில் தொட்டியின் கொள்ளளவு. 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி என்றால் கணக்குப்படி 56 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடம் போக 45 முதல் 50 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். இதற்குச் சுமார் 10 செ.மீ. விட்டமும் அதே உயரமும் உள்ள ஒரு பஞ்சு போதும், அல்லது சின்னதாக இரட்டைப் பஞ்சு. நான் இரட்டையையே சொல்வேன், காரணம் கழுவும் கேள்வியில் வரும். 4 அடி தொட்டிக்கு ஒரே பெரிய பஞ்சைவிட இரண்டு மூலையில் இரண்டு வைப்பது நல்லது. ஓரங்களில் தண்ணீர் தேங்காது.

மோட்டார் நிமிடத்துக்கு 2 முதல் 3 லிட்டர் காற்று தந்தால் 2 அடி தொட்டிக்குத் தாராளம். காற்றைக் கூட்டினால் வடிகட்டலும் கூடும் என்று நினைத்து முழு வேகத்தில் வைக்கிறார்கள். ஓர் அளவுக்கு மேல் குழாயில் தண்ணீரைவிடக் காற்றே அதிகம் போகும், சத்தம்தான் மிச்சம். மேல்குழாயின் வாய் தண்ணீர் மட்டத்தையொட்டி இருக்கட்டும். குழாய் நீளமாக இருந்தால் இழுப்பும் நன்றாக இருக்கும். குட்டையாக வெட்டி வைத்தால் பாதி பலன் போய்விடும்.

பஞ்சின் துளை அளவை பிபிஐ என்பார்கள், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை துளை. 20 முதல் 30 பொதுவான தொட்டிக்கு. 40க்கு மேல் போனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், இறால் தொட்டிக்கும் குஞ்சுத் தொட்டிக்கும் மட்டும் அது சரி.

புதுப் பஞ்சு மிதக்கிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். உள்ளே காற்று இருக்கிறது. வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துப் பத்துப் பதினைந்து முறை பிழிந்து விடுங்கள், மூழ்கிவிடும்.

கே (மதுரை): ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு மறுநாளே 10 மீன் விட்டேன். ஒரு வாரத்தில் 6 போய்விட்டது. குமிழ் நன்றாகத்தான் வருகிறது. ஃபில்டர் சரியில்லையா?

ப: ஃபில்டர் சரிதான், அதில் இன்னும் யாரும் குடியேறவில்லை. புதுப் பஞ்சு வெறும் பஞ்சு. பாக்டீரியா பெருக நம் ஊர் வெப்பத்தில் 3 முதல் 5 வாரம் ஆகும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரிக் குளிர்ந்த இடத்தில் இன்னும் கூடும். அதுவரை அமோனியா தேங்கும். போர் தண்ணீரில் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை) 8ஐ ஒட்டி இருந்தால் அதே அளவு அமோனியா இன்னும் கொடிய விஷமாகும். வெப்பம் கூடினாலும் அப்படியே.

மிச்சமிருக்கும் 4 மீனைக் காப்பாற்ற: தினமும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். தீனி இரண்டு நாளுக்கு ஒரு முறை, கொஞ்சமே. 10 லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு கரைத்து விடலாம், அது நைட்ரைட் மீனின் செவுள் வழியாக உள்ளே போவதைக் குறைக்கும். அமோனியாவை அது தடுக்காது. புது மீன் வேண்டாம்.

அடுத்த முறை மீன் இல்லாமலே தயார் செய்யுங்கள். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுவது எளிய வழி. அளவாகச் செய்ய நினைப்பவர்கள் ஆய்வகத் தரமுள்ள அம்மோனியம் குளோரைடு 0.3 கிராமை 50 லிட்டருக்குப் போட்டால் அமோனியா சுமார் 2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே பொருள்தான் என்றாலும் அதன் சுத்தத்தை நம்ப முடியாது, தொட்டிக்கு வேண்டாம். போட்டு 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி காட்டி, நைட்ரேட் ஏறியிருந்தால் தொட்டி தயார்.

எல்லாவற்றையும்விடக் குறுக்குவழி ஒன்று உண்டு. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், உங்கள் புது ஃபில்டரை அவர் தொட்டியில் 4 வாரம் ஓடவிட்டு எடுத்து வாருங்கள். ஈரம் காயாமல், தொட்டித் தண்ணீரோடு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு வந்துவிட வேண்டும். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டியான கேனிஸ்டரை இவ்வளவு எளிதாகத் தூக்கி வர முடியாது.

கே (கோவை): மாதம் ஒரு முறை பஞ்சை எடுத்து வெள்ளையாகும் வரை குழாயில் கழுவுவேன். கழுவிய இரண்டாம் நாள் தண்ணீர் பால் மாதிரி ஆகிறது. ஏன் சார்?

ப: அழுக்கோடு சேர்த்துப் பாக்டீரியாவையும் கழுவிவிடுகிறீர்கள். அதோடு குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மிஞ்சியதும் சாகும். மாதாமாதம் தொட்டி மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. பால் மாதிரித் தெரிவது தண்ணீரில் மிதந்தபடி திடீரெனப் பெருகும் வேறு வகைப் பாக்டீரியா.

முறை இது. தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் 5 லிட்டரை வாளியில் வையுங்கள். காற்றை நிறுத்துங்கள். பஞ்சை அப்படியே தூக்கினால் கசடெல்லாம் தொட்டியில் கொட்டும். அதனால் ஒரு பாலித்தீன் பையைத் தண்ணீருக்குள்ளேயே பஞ்சின் மேல் மாட்டி, பையோடு தூக்குங்கள். வாளிக்குள் நான்கைந்து முறை பிழியுங்கள், போதும். பஞ்சில் பழுப்பு நிறம் இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும். சோப்பு, வெந்நீர், பிரஷ் எதுவும் வேண்டாம். வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், அருமையான உரம்.

இரட்டைப் பஞ்சு என்றால் இந்த முறை ஒன்று, இரண்டு வாரம் கழித்து மற்றது. ஒன்று கழுவப்பட்டாலும் இன்னொன்று வேலையை இழுத்துக்கொண்டு போகும். பஞ்சு கழுவும் நாளிலேயே மணலைக் கிளறிச் சுத்தம் செய்து பாதித் தண்ணீரையும் மாற்றுவது வேண்டாம்.

எப்போது கழுவுவது என்பதற்கு நாட்காட்டி தேவையில்லை. குழாய் வாயில் தண்ணீர் வேகம் குறைந்திருக்கும், பஞ்சு உள்வாங்கி ஒடுங்கியிருக்கும், சில சமயம் குமிழ் குழாயில் போகாமல் பஞ்சின் பக்கவாட்டில் கசியும். இவை தெரிந்தால் கழுவுங்கள். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை வரும். பிழிந்தால் திரும்ப எழும்பாத அளவுக்குத் தொய்ந்த பிறகு பஞ்சை மாற்றினால் போதும். அதற்குச் சில வருடங்கள் ஆகும். அப்போதும் புதியதைப் பழையதோடு ஒரு மாதம் சேர்த்து ஓடவிட்டுத்தான் பழையதை எடுக்க வேண்டும்.

கே (விழுப்புரம்): எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும், சில நாள் 5 மணி நேரம் கூட. ஒரு தடவை தொட்டித் தண்ணீர் டியூப் வழியாக மோட்டாருக்குள் வந்து தரையெல்லாம் ஈரம்.

ப: முதலில் அந்த ஈரம். மோட்டார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால், காற்று நின்றதும் தண்ணீர் டியூப் வழியே இறங்கும். மோட்டாரைத் தொட்டியைவிட உயரத்தில் வையுங்கள். முடியாவிட்டால் டியூபின் நடுவே ஒருவழி வால்வு போடுங்கள், வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே. மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள். தொட்டிப் பக்கம் காற்று போக வேண்டும், திரும்பி வரக் கூடாது. திருப்பி மாட்டினால் குமிழே வராது. இந்த வால்வு உப்புப் படிந்து நாளடைவில் பழுதாகும், வருடம் ஒன்று மாற்றுவது நல்லது. என் கணிப்பில் இரண்டையும் செய்வதே பாதுகாப்பு, மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்த இடம் அது.

கரண்ட் போனால் பஞ்சுக்கு ஒரு நன்மை உண்டு. அது தொட்டிக்குள்ளேயே திறந்து கிடக்கிறது. மூடிய கேனிஸ்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து, கரண்ட் வந்ததும் கெட்ட தண்ணீரைத் தொட்டியில் கொட்டும். பஞ்சில் அந்த ஆபத்து மிகக் குறைவு. மீனுக்குத்தான் காற்று வேண்டும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5தான். மே மாதத்தில், மீன் நிறைந்த தொட்டியில் 5 மணி நேரம் என்பது விளையாட்டில்லை.

1 வாட் யூ.எஸ்.பி. காற்று மோட்டார் ஒன்று வாங்கி வையுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இழப்பு போக 20 மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு எச்சரிக்கை: சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைப் பார்த்ததும் எதுவும் மாட்டவில்லை என்று எண்ணித் தானாக அணைந்துவிடும். தேவைப்படும் நாளுக்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் தீனி போடாதீர்கள்.

கே (திருச்சி): ராத்திரி சத்தம் தாங்கவில்லை.

ப: மோட்டார் உறுமலா, குமிழின் குளுகுளு சத்தமா என்று பிரித்துக் கேளுங்கள். உறுமல் என்றால் மோட்டாரை நான்காக மடித்த துண்டின் மேல் வையுங்கள், சுவரைத் தொட வேண்டாம். பழைய மோட்டாரில் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்தாலும் சத்தம் மாறும், காற்றும் குறையும். ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும். குளுகுளு என்றால் நடுக்குழாய்க்குள் ஒரு சின்ன ஏர் ஸ்டோன் மாட்டுங்கள். குமிழ் பொடியாகிச் சத்தம் அடங்கும், இழுப்பும் கூடும். அந்தக் கல் அடைத்துக்கொண்டால் மோட்டார் திணறும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

கே (நாகர்கோவில்): கொசுவத்தி ஏற்றும் அறையில் தொட்டி இருக்கலாமா?

ப: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, பலருக்கு இது தோன்றுவதே இல்லை. காற்று மோட்டார் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. கொசுவத்தியிலும் கொசு விரட்டும் திரவத்திலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து நமக்குத் தாங்கும், மீனுக்குக் கொடிய விஷம், இறாலுக்கு இன்னும் மோசம். காரணமே தெரியாமல் இறால் மொத்தமாகச் செத்தால் முதலில் இதைப் பாருங்கள். கொசுவலைக்கு மாறுங்கள், அல்லது மோட்டாரை வேறு அறையில் வைத்து நீளமான டியூப் இழுங்கள். பூச்சி மருந்து ஸ்ப்ரே அடிக்கும் நாளில் தொட்டியை மூடுவது மட்டும் போதாது.

கே (யாழ்ப்பாணம்): ஃபைட்டருக்கும் செர்ரி இறாலுக்கும் குஞ்சுகளுக்கும் இதுதான் நல்லது என்கிறார்களே?

ப: ஆம். ஃபைட்டரின் நீண்ட வாலுக்கு வேகமான நீரோட்டம் ஆகாது, ஒரு மூலையில் ஒதுங்கிக் களைத்துப்போகும். காற்றைக் கட்டுப்படுத்தும் சின்ன வால்வை வைத்துக் குமிழை நிதானமாக விட்டால் போதும். இறாலும் குஞ்சும் பஞ்சின் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை நாள் முழுக்க மேயும். ஆர்ட்டீமியா என்னும் பொடி இறால் வகையின் குஞ்சைத் தீனியாகப் போடும்போது அது பஞ்சில் ஒட்டிக்கொண்டாலும் வீணாகாது, மீன்குஞ்சு அங்கே போய்ப் பொறுக்கும். அடித்தட்டுக்கும் பஞ்சுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், குஞ்சு சிக்கும்.

கே (ஈரோடு): 3 அடி தொட்டியில் 6 தங்க மீன். ஸ்பாஞ்ச் மட்டும் போதுமா?

ப: போதாது. தங்க மீன் அதிகம் தின்று அதிகம் கழிக்கும். கரைந்த அமோனியாவைப் பஞ்சு சமாளித்தாலும், கண்ணுக்குத் தெரியும் கழிவைத் தேடி இழுக்கும் பலம் அதற்கு இல்லை. தொட்டியின் மேலே வைக்கும் டாப் ஃபில்டரோ கேனிஸ்டரோ முதன்மையாக இருக்கட்டும், பஞ்சு துணைக்கு. கண்ணாடி போன்ற தெளிவுதான் வேண்டுமென்றாலும் இதே பதில். கரியமில வாயு செலுத்தும் செடித் தொட்டிக்கும் பஞ்சு பொருந்தாது, குமிழ் மேற்பரப்பைக் கலக்கி அந்த வாயுவை வெளியேற்றிவிடும். வாயு செலுத்தாத சாதாரணச் செடித் தொட்டிக்குப் பிரச்சினை இல்லை.

கே (தஞ்சாவூர்): மெத்தைக் கடைப் பஞ்சை வெட்டி நாமே செய்யலாமா?

ப: வாயை வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் மறுபக்கம் வந்தால்தான் தண்ணீரும் போகும். மெத்தைப் பஞ்சு பெரும்பாலும் இதில் தோற்கும், தீப்பிடிக்காமலிருக்க மருந்து சேர்த்த பஞ்சும் உண்டு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் கிருமிநாசினி இருக்கலாம், நாம் வளர்க்க நினைப்பதே கிருமியை. மீன் கடையில் மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக் குழாய், அடித்தட்டு மட்டும் நீங்களே செய்யுங்கள்.

கே (கன்னியாகுமரி மாவட்டம்): மழைநீர் மட்டுமே ஊற்றுகிறேன். நான்கு மாதம் நன்றாக இருந்தது, இப்போது பிஎச் 6க்குக் கீழே போய் அமோனியா காட்டுகிறது.

ப: பாக்டீரியா அமோனியாவை மாற்றும்போது தண்ணீரில் உள்ள காரத்தன்மையைச் செலவழிக்கும். மழைநீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் அது ஏறக்குறைய இல்லை. தீர்ந்ததும் பிஎச் சரியும், 6க்குக் கீழே பாக்டீரியா வேலையை மிகவும் குறைத்துக்கொள்ளும். கழுவிக் கொதிக்க வைத்த கிளிஞ்சல் ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டிப் பஞ்சின் அருகே போடுங்கள், அல்லது ஒவ்வொரு மாற்றத்திலும் கால் பங்கு போர் தண்ணீர் கலந்துவிடுங்கள். மெதுவாக, ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். பிஎச் குறைவாக இருக்கும்போது அமோனியாவின் விஷம் அடங்கியிருக்கும். ஒரே நாளில் பிஎச் ஏறினால் அந்த அமோனியாவே மீனைக் கொன்றுவிடும்.