திருவிழாவில் எடுத்த படத்தை ஸ்டுடியோ விளம்பரத்துக்குப் போடலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கடை ஈயடிக்கும். அதனால் திருவிழாக் கூட்டங்களில் முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுத்து, கடை கார்டைக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்புவேன். பிடித்தவர்கள் 50 ரூபாய் கொடுத்துப் பிரின்ட் வாங்கிக்கொள்வார்கள். போன வைகாசியில் கெங்கையம்மன் சிரசு திருவிழாவில் ஒரு பெண்ணை எடுத்த படம் மிக நன்றாக வந்தது. இன்ஸ்டாகிராமிலும் கடை வாசல் ஃப்ளெக்ஸிலும் போட்டேன். அவருடைய அப்பா வந்து சத்தம் போட்டுவிட்டு, போலீசுக்குப் போவேன் என்கிறார். பொது இடத்தில் எடுத்த படம்தானே, இதில் என்ன தப்பு? இன்னொரு பிரச்சினை: பக்கத்து ஊர் காளை விடும் விழாவில் படம் எடுக்க விழாக் குழு எனக்கு 4,000 ரூபாய் கொடுத்தது. அந்தப் படங்களை மாட்டுக்காரர்களுக்கு விற்றேன் என்று இப்போது குழுவினரும் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: முதலில் அந்த ஃப்ளெக்ஸை இறக்குங்கள். இன்ஸ்டாகிராம் பதிவையும் எடுத்துவிடுங்கள். சட்டத்தை அப்புறம் பேசலாம்.

பொது இடத்தில் படம் எடுப்பதையே குற்றமாக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. தேர் வரும் தெருவில் நிற்கிறவர்களைப் படம் எடுக்க ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஆற்றங்கரையில் குளிக்கிறவர்கள், உடை மாற்றுகிறவர்கள், கூட்ட நெரிசலில் சேலை விலகியவர்கள் பக்கம் கேமரா திரும்பினால் கதையே வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77வது பிரிவும் அங்கே காத்திருக்கின்றன. முதல் முறை சிக்கினாலே இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. உங்கள் படம் அந்த வகை இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் எடுத்த படத்தின் காப்புரிமை உங்களுக்குத்தான். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி ஷட்டரை அழுத்தியவரே படத்தின் ஆசிரியர். படம் எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து மேலும் 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நீடிக்கும். இங்கேதான் பல ஸ்டுடியோக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கிறது என்பதற்காக, ஊரார் நடக்கும் வழிப்பாதையை அடைத்துவிட முடியுமா? படத்தின் பட்டா உங்களிடம் இருந்தாலும், அதிலுள்ள முகத்தைக் காட்டி வியாபாரம் பிடிப்பதற்கு அந்த முகத்துக்குரியவர் சம்மதிக்க வேண்டும்.

இது என் சொந்தக் கருத்து இல்லை. கொலை வழக்கில் சிறையில் இருந்த ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்று உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு உங்களுக்கு நினைவிருக்கலாம். 1994இல் வந்த அந்தத் தீர்ப்பிலேயே, ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமையை மீறுவதற்கு உதாரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்புறம் 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்த்துச் சொல்லிவிட்டது. மாசி மாதம் பாலாற்றங்கரை மயானக் கொள்ளைத் திருவிழாவில் காளி வேஷம் போட்டவர் உங்கள் கேமராவைப் பார்த்து நாக்கை நீட்டி நிற்பார். படம் எடுக்கத்தான் அவர் நிற்கிறார், உங்கள் கடைக்கு மாடலாக இல்லை.

சரி, அந்த அப்பா என்ன செய்ய முடியும்? பெண்ணுக்கு 18 வயது ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகியிருந்தால் உரிமை அந்தப் பெண்ணுக்குத்தான், அப்பாவுக்கு இல்லை. ஆகவில்லை என்றால் பெற்றோர் சொல்வதே முடிவு, அதில் வாதாடவே வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று தடையும் நஷ்டஈடும் கேட்டு சிவில் வழக்குப் போடலாம். கண்ணியமான ஒரு படத்துக்கு, அதன் கீழே தப்பான வாசகம் எதுவும் எழுதாதவரை, கிரிமினல் பிரிவு சுலபத்தில் பொருந்தாது. ஆனால் புகார் கொடுத்தால் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடுவார்கள், நீங்கள் போய் உட்கார வேண்டியிருக்கும். சித்திரை முகூர்த்தத்தில் ஒரு நாள் போனாலே உங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யாராவது கூட்டத்தில் கேமராவைப் பிடுங்கி மெமரி கார்டைக் கேட்டால், அதைச் செய்யத் தனி ஆட்களுக்கு அதிகாரமே கிடையாது. கைப்பற்றுவது சட்டப்படி போலீஸ் செய்ய வேண்டிய வேலை. ஆனாலும் ஒருவர் முகம் சுளித்து ‘டெலிட் பண்ணுங்க’ என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். 50 ரூபாய்தானே.

இனி விற்பனை. ஒருவருடைய படத்தை அவருக்கே காட்டி, அவர் விரும்பிக் காசு கொடுத்து வாங்கினால் அது சாதாரண ஒப்பந்தம், பிரச்சினை இல்லை. கையடக்க பிரின்டரில் முதலிலேயே அடித்துக் கையில் திணித்து ‘நூறு ரூபாய் கொடுங்க’ என்பது சரிவராது; கேட்காத பொருளுக்குப் பணம் தர அவர் கடமைப்பட்டவர் இல்லை. அதைவிட ஆபத்தான ஒன்று உங்கள் வாட்ஸ்அப் முறையில் இருக்கிறது. ‘அந்த மஞ்சள் சுடிதார் என் தங்கச்சிதான், படத்தை எனக்கு அனுப்புங்க’ என்று ஒரு பையன் கேட்டால் அனுப்புவீர்களா? அனுப்பினால், அப்புறம் அந்தப் படம் எங்கே போனாலும் போலீஸ் தேடி வருவது உங்கள் கடைக்குத்தான். படத்தில் இருப்பவருக்கு மட்டும் விற்பது, குழந்தைகள் என்றால் பெற்றோருக்கு மட்டும் விற்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் செல்போன் எண்களும் முகங்களும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். விற்று முடித்த படங்களையும் எண்களையும் அவ்வப்போது அழிக்கும் பழக்கத்தை இப்போதே தொடங்குவது நல்லது.

காளை விடும் விழா விஷயத்தில் குழுவினர் பக்கம்தான் நியாயம் கனமாக இருக்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 17வது பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் பணம் கொடுத்து, அவர் சொல்லி எடுக்கும் போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். கல்யாண ஆல்பத்துக்கும் இதுதான் சட்டம். அந்த 4,000 ரூபாயை வாங்கியபோது ‘படங்களை நானும் விற்றுக்கொள்வேன்’ என்று பேசியிருக்கிறீர்களா? பேசியிருந்து, அதற்குச் சாட்சியோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் நீங்கள் வாதாடலாம். இல்லையென்றால் விற்ற பணத்தில் ஒரு பங்கு கொடுத்துச் சமாதானமாகப் போங்கள். இனிமேல் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தர அவர்கள் ஒப்புக்கொண்டால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19வது பிரிவு. அடுத்த விழாவுக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள். மாட்டுக்குத் தனியுரிமை கிடையாது, கவலை வேண்டாம். ஆனால் கயிற்றைப் பிடித்து நிற்பவருக்கு உண்டு.

எங்கே நின்று விற்கிறீர்கள் என்பதும் முக்கியம். வேலூர் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழங்காலச் சின்னங்கள் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளின்படி அங்கே உரிமம் இல்லாமல் பொருள் விற்கவோ வாடிக்கையாளர் பிடிக்கவோ கூடாது. உங்கள் கார்டை நீட்டுவதும் அதில் அடங்கும். ஸ்ரீபுரம் பொற்கோவிலுக்குள் கேமரா கொண்டுபோகவே விடமாட்டார்கள். தமிழ்நாட்டுக் கோவில்களில் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே கோவில் வாசலுக்கு வெளியேதான் உங்கள் வேலை. தெருவோரம் மேஜை போட்டு உட்காருவதானால் நகராட்சியின் தெரு வியாபாரச் சான்று பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பற்றி யோசிக்க வேண்டாம்.

விளம்பரம் உங்களுக்குத் தேவை என்பது புரிகிறது. கார்டின் பின்புறம் ‘என் படத்தை ஸ்டுடியோ விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, பெயரும் கையெழுத்தும் வாங்குங்கள். பிரின்ட் வாங்குவதும் இந்தச் சம்மதமும் தனித்தனியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அவர்கள் ‘சரி’ என்று அனுப்பினாலும் உதவும், அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். சம்மதித்தவருக்கு ஒரு பெரிய பிரின்ட் இலவசம் என்றால் பாதிப்பேர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த அப்பாவைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள், இருவருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரோடு போங்கள். படத்தை எடுத்துவிட்டேன், இனி எங்கும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவர் கேட்டால் அந்தப் படத்தை நல்ல பிரின்டாகப் போட்டுக் கொடுங்கள். கேட்காவிட்டால் நீட்ட வேண்டாம்.