கேள்வி-பதில்: காணாமல் போன கமிட்

கேள்வி: கோட் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் (Git) கருவியை டெர்மினலில் பயன்படுத்துகிறேன். அவசரத்தில் 'கிட் ரீசெட் --ஹார்ட்' (git reset --hard) அடித்துவிட்டேன். நேற்றுவரை செய்த மூன்று கமிட்டும் (கிட்டில் பதிந்த மாற்றங்கள்) வரலாற்றைக் காட்டும் 'கிட் லாக்'கில் இல்லை. எல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள்: பதற்றத்தில் அந்த ஃபோல்டரை அழித்துவிட்டுப் சர்வரிலிருந்து புதிதாக குளோன் (நகல்) எடுத்துவிடாதீர்கள். ரீசெட்டில் தப்பிய வேலை பெரும்பாலும் அங்கேதான் நிஜமாகவே தொலைகிறது.

ரீசெட் செய்தது இவ்வளவுதான்: உங்கள் பிராஞ்சின், அதாவது கமிட் வரிசையின், பெயரைப் பழைய கமிட் ஒன்றின் மேல் கொண்டுபோய் வைத்தது. மூன்று கமிட்டும் '.கிட்' ஃபோல்டருக்குள் அப்படியே இருக்கின்றன. அவற்றைச் சுட்ட இப்போது ஒரு பெயரும் இல்லாததால் லாக்கில் வரவில்லை.

'கிட் ரீஃப்ளாக்' (git reflog) என்று அடியுங்கள். ஹெட், அதாவது நீங்கள் நிற்கும் கமிட்டைக் காட்டும் குறி, எங்கெல்லாம் போய்வந்தது என்ற பட்டியல் வரும், புதியது மேலே. 'ரீசெட்' என்று குறித்திருக்கும் வரிக்கு நேர் கீழே இருப்பதுதான் விபத்துக்கு முந்தைய நிலை. அந்த வரியின் முதலில் உள்ள ஹாஷை (கமிட்டின் அடையாளக் குறியீடு) நகலெடுத்து, 'கிட் பிராஞ்ச் மீட்பு' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். 'மீட்பு' என்ற புதிய பிராஞ்சில் மூன்றும் இருக்கும். நிதானமாக 'கிட் லாக் மீட்பு' பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, பழைய பிராஞ்சில் நின்று, இரண்டையும் இணைக்க 'கிட் மெர்ஜ் மீட்பு' கொடுங்கள்.

ரீஃப்ளாக் உங்கள் கணினியில் மட்டும் இருக்கும் குறிப்பு. சர்வருக்குப் போகாது, குளோனில் வராது. இப்படிப் பிராஞ்ச் எதிலும் சேராத கமிட்டுகளின் குறிப்பை, அமைப்பை நீங்கள் மாற்றாதவரை, கிட் 30 நாள் வைத்திருக்கும். எனவே இன்றே செய்துவிடுங்கள்.

கமிட் செய்யாமல் வைத்திருந்த மாற்றங்களுக்கு இந்த வழி உதவாது. கமிட்டுக்குத் தயார்படுத்தும் 'கிட் ஆட்' வரையாவது போயிருந்தால் 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' (git fsck --lost-found) அந்தக் கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தேடித் தரும். கோப்பின் பெயர் மட்டும் கிடைக்காது, திறந்து பார்த்துத்தான் எது எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: அரைகுறை வேலையானாலும் கமிட் போடுங்கள். பகிர்வதற்கு முன் 'கிட் ரீபேஸ் -ஐ' (git rebase -i) கொண்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: எடிட்டரிலேயே எல்லாவற்றுக்கும் பொத்தான் இருக்கிறது. கட்டளைகளை ஏன் கற்க வேண்டும்?

பதில்: பொத்தான்களை விடச் சொல்லமாட்டேன். மெர்ஜ் கான்ஃப்ளிக்டை (இணைக்கும்போது மோதும் மாற்றங்களை) நானும் எடிட்டரில்தான் தீர்க்கிறேன், இரண்டு பக்கத்தையும் அருகருகே பார்க்க முடிகிறதே. ஆனால் 2005-இல் லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியபோதே கிட் கட்டளைகளின் தொகுப்பாகத்தான் பிறந்தது. பல பொத்தான்கள் உள்ளே அந்தக் கட்டளைகளைத்தான் ஓட்டுகின்றன. சிக்கல் வரும்போது எந்தக் கட்டளை ஓடியது என்று தெரியாதவருக்கு, எதைத் திருப்புவது என்றும் தெரியாது. தொலைவிலிருந்து டெர்மினலில் நுழையும் எஸ்எஸ்எச் (SSH) வழியே சர்வருக்குள் போனால் பொத்தானே கிடையாது.

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'கிட் ஸ்டேட்டஸ்' ஒன்றைப் பழக்கமாக்குங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று அதுவே சொல்லித் தரும். அப்புறம் 'கிட் ஆட் -பி'. மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டி, இதைச் சேர்க்கவா என்று கேட்கும். மறந்துபோன பிரிண்ட் வரிகள் அங்கே கண்ணில் படும்.

இன்னொன்று 'கிட் பைசெக்ட்'. எனக்கு மிகவும் பிடித்தது. போன மாதம் வேலை செய்த ஒன்று இன்று உடைந்திருக்கிறது, நடுவே ஆயிரம் கமிட். நல்லது ஒன்று, கெட்டது ஒன்று சொன்னால் போதும், ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்து, சுமார் பத்தே சோதனையில் உடைத்த கமிட்டைக் கையில் கொடுத்துவிடும். சோதிக்க ஒரு ஸ்கிரிப்ட் இருந்தால் 'கிட் பைசெக்ட் ரன்' தானாகவே தேடிவிடும். கமிட் சிறிதாக இருந்தால்தான் இந்தப் பதிலுக்குப் பயன். நாற்பது கோப்பை ஒரே கமிட்டில் திணித்திருந்தால் அதற்குள் மறுபடியும் தேட வேண்டியதுதான்.

கேள்வி: பாஸ்வேர்ட் உள்ள கோப்பை கமிட் செய்து சர்வருக்கு புஷ் செய்துவிட்டேன் (அனுப்பிவிட்டேன்). அழித்து இன்னொரு கமிட் போட்டால் சரியா?

பதில்: சரியாகாது. பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும், யாரும் எடுத்துப் படிக்கலாம். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கிட் கவனிக்க வேண்டாதவற்றைப் பட்டியலிடும் '.கிட்இக்னோர்' கோப்பில் பெயரைச் சேர்த்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே சேர்ந்த கோப்பைக் கிட் தொடர்ந்து கவனிக்கும். அந்தக் கோப்பின் பெயரோடு 'கிட் ஆர்எம் --கேஷ்டு' (git rm --cached) கொடுத்து, அதையும் கமிட் செய்யுங்கள். கோப்பு உங்கள் கணினியில் அப்படியே இருக்கும்.