மதிய ஊசியை மகளிடம் விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. எட்டு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. தினமும் நான்கு வேளை இன்சுலின். மதிய ஊசி போட நானே பள்ளிக்கூடம் போகிறேன். இப்போது "நீ வராதம்மா, எல்லாரும் பாக்குறாங்க, நானே போட்டுக்கிறேன்" என்கிறாள். அளவு தப்பினால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. எந்த வயதில் விடலாம்?
ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். என் மகனுக்கும் ஏழு வயதில் இதே நோய் வந்தது, இன்று கல்லூரியில் படிக்கிறான். அவளே கேட்கிறாள் பாருங்கள், அதைத் தட்டிவிடாதீர்கள். இதற்கென்று ஒரு வயது கிடையாது. 11 வயதில் ஊசி குத்தும் பக்குவம் நிறைய பிள்ளைகளுக்கு வந்துவிடும், ஆனால் எத்தனை யூனிட் (இன்சுலினின் அளவு) என்று முடிவு செய்வது வேறு வேலை, அது இன்னும் சில வருடங்களுக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

லீவு நாட்களில் வீட்டிலேயே ஆரம்பியுங்கள். அவள் கை கழுவட்டும் (மாம்பழம் தின்ற விரலில் குத்தினால் சர்க்கரை பார்க்கும் மீட்டர் பொய்யாக ஏற்றிக் காட்டும்), விரலின் ஓரத்தில் குத்திப் பார்க்கட்டும், இன்சுலின் பேனாவில் (பேனா மாதிரி இருக்கும் ஊசி) யூனிட்டைத் திருப்பி உங்களிடம் காட்டட்டும், அப்புறம் ஊசியைக் குத்தி, அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்கட்டும். வலிக்காத ஒரே இடத்தில்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அந்த இடம் தடித்துப்போய் மருந்து சரியாக ஏறாது. வாரம் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

அளவு தப்பும் என்கிறீர்களே, வீட்டில் பாட்டிலும் பேனாவும் கலந்து கிடந்தால் அது நடக்கலாம். நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் இருப்பது 100. பேனா மருந்தை 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால் இரண்டரை மடங்கு ஏறிவிடும், அது உயிருக்கே ஆபத்து. பள்ளிக்குப் பேனா மட்டும் போகட்டும்.

ஊசிக்கும் முன்னால் சொல்லித்தர வேண்டியது லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைந்துபோவது. கை நடுங்கினாலோ, வியர்த்தாலோ, மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினாலோ மூன்று டீஸ்பூன் க்ளூக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும், 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் கிளாஸ் டீச்சருக்கும் பி.டி. சாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி ஹெட்மிஸ்ட்ரஸிடம் கொடுங்கள். தயங்கினால், டைப் 1 பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்கே தின்பண்டம் கொண்டுபோகலாம் என்று சிபிஎஸ்இ 2017-லேயே அனுமதித்துவிட்டது என்று சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மனசு விட்டுச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் என் மகன் சர்க்கரை அளவைக் குறித்துவைக்கும் நோட்டில் எல்லாமே 110, 120, 130 என்று அழகாக இருந்தது. ஒருநாள் மீட்டரின் மெமரியைத் தட்டிப் பார்த்தேன், 280, 312. எண் ஏறியிருந்த ஒவ்வொரு தடவையும் "என்னத்தத் தின்ன?" என்று கத்தியது நான்தான், அதனால் அவன் எண்ணை மாற்றி எழுதினான். அன்றிலிருந்து எந்த எண்ணைச் சொன்னாலும் முதலில் "சொன்னதுக்கு சந்தோஷம்டா, இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்கப் பழகினேன். பழகவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

உங்கள் டாக்டர் சரி என்றதும், முதல் வாரம் கூடப் போங்கள், ஆனால் அவளே போடட்டும். அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் பார்க்க அவள் போட்டுக்கொள்ளட்டும். மாலையில் வந்ததும் மீட்டரைச் சேர்ந்து பாருங்கள். காய்ச்சல், வாந்தி வந்த நாளில் மட்டும் எல்லா வேலையையும் நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்திவிடாமல் உடனே டாக்டருக்கு போன் போடுங்கள்.